மின்விசிறியை அணைத்த பிறகு

சிஓஇ விலையைப் பார்த்துக்
கார் வேண்டாமென்று விட்டதில்
மிஞ்சியது எங்களுக்கு ஒரு கார் போர்ச்.
செம்பவாங்கில் வரிசை வீடு.
மேலே தகரக் கூரை, கீழே வழுக்காத ஓடு.
அங்கேதான் இறங்கியது பெட்டி.

உள்ளே டார்ச், எர்த் கிளாம்ப், கால் பெடல்,
விளங்காத மூன்று மொழிகளில் ஒரு கையேடு.
விளங்கிய நான்காவதில்
எச்சரிக்கை மட்டும்தான்.

ஆர்கான் உருளையைச் சங்கிலி போட்டுத்
தூணோடு கட்டிவிட்டு ஃபைசல் கேட்டார்:
"சார் இல்லையா?"
சார் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
கையெழுத்தை நான் போட்டேன்.

பிளக்கைச் செருகினேன்.
பெடலை மிதித்தேன்.
வீடு இருண்டது.
சோறு பாதியில் நின்றது,
மகளின் இணைய வகுப்பு பாதியில் நின்றது,
மேடம் சியா வேலிக்கு மேலே தலையை நீட்டி
"எங்க வீட்ல இருக்கே!" என்றார்.

தனி லைன் இழுக்க ஆள் வர
ஆறு நாளாகும் என்றார்கள்.
அந்த ஆறு நாளும் ரயிலில்
ஒரு சாத்தே குச்சியோடு போனேன்.
நடுவிரலும் மோதிரவிரலும் ஏந்த
கட்டைவிரல் தள்ளவேண்டும்,
நகம் நகமாக, நடுங்காமல்.
யீஷூனில் கீழே விழுந்தது.
பீஷானில் ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான்.
நொவீனா வரும்போது
குச்சி தானாகவே நகர்ந்தது.

பதினாறு வருடமாகப் பல் மருத்துவமனையில் வேலை.
எனக்கு முகமூடி தெரியும்.
விளக்கடியில் ஒரு விரற்கடை இடத்தில்
உலகம் முழுவதும் சுருங்கிக்கொள்வது தெரியும்.
டாக்டர் ஓங் துளைப்பார்,
நான் எச்சிலை உறிஞ்சுவேன்.
பெடல் எப்போதும் அவர் காலடியில்.

ஆறு நாள் எட்டு நாளாகி
லைன் வந்தது.
முதல் பொறியில் டங்ஸ்டனைக் குட்டைக்குள் முக்கினேன்.
தீட்டினேன். மறுபடி முக்கினேன்.
தீட்டிய நேரம் ஒரு மணி,
பற்றவைத்த நேரம் நாற்பது வினாடி இருக்கும்.
மூன்றாவது முறை முக்கவில்லை.
ஆனால் தகடு
அடிப்பிடித்த பாயசம் மாதிரி
கறுத்துப் பொருமியது.
வாயு சரி. ஆம்பியர் சரி.
அசிட்டோனால் துடைத்ததும் சரி.

என்ன பிழையென்று புரியாமல்
கழுத்து வியர்வையைத் துடைக்கத் திரும்பினேன்.
மூலையில் தலையை ஆட்டி ஆட்டி
காற்று வீசிக்கொண்டிருந்தது மின்விசிறி.
டங்ஸ்டனைச் சுற்றி நான் காசு கொடுத்துக் கட்டிய
கண்ணுக்குத் தெரியாத குடையை
அதுதான் இத்தனை நேரமும்
மேடம் சியாவின் செம்பருத்திப் பக்கம்
விசிறித் தள்ளியிருக்கிறது.

அணைத்தேன்.
ஜூன் மாதம், பிற்பகல் மூன்று மணி,
தோல் கையுறை, முழுக்கைச் சட்டை.
புருவத்திலிருந்து மூக்கு நுனிக்கு
ஒரு சொட்டு இறங்குகிறது.
துடைக்க முடியாது.
மூச்சுகூட ஓரமாகத்தான் போகவேண்டும்.

கண்ணாடி கறுத்தது.
தெரு இல்லை, வேலி இல்லை, நான் இல்லை.
மிளகளவு ஒரு குளம் இருந்தது.
அதன் கரையைக் கம்பியால் தொட்டேன்.
குடித்தது.
நகர்ந்தேன். தொட்டேன். குடித்தது.

காலை எடுத்தேன்.
வெளிச்சம் அணைந்த பிறகும்
வாயு சீறிக்கொண்டே இருந்தது.
சிவந்தது ஆறும்வரை
கையை விலக்கக்கூடாது.
இதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை,
கையேட்டின் எச்சரிக்கையில்கூட இல்லை.

ஏழு செதில்கள்.
இரண்டு கோணல், ஒன்று சாம்பல்.
மற்ற நான்கும் வைக்கோல் பொன்.
"இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?"
இளவழுதி கேட்டார்.
செருப்பு ரேக் என்றேன்.
வாயில் வந்த முதல் பொய் அது.
தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அதன்மேல் தன் கோப்பிக் குவளையை வைத்தார்.

மறுநாள் நொவீனாவில்
ஒரு கடைவாய்ப் பல்.
டாக்டர் ஓங் குனிந்தார்.
உறிஞ்சு குழாயோடு நானும் குனிந்தேன்.
துளைப்பான் சுழலத் தொடங்கியபோது
நாற்காலிக்கு அடியில்
வெறும் தரையை
என் வலது கால்
மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது.