ஒழுகும் இடம்

வாஷியில் சளி கொடுத்தது ஜூன் மூன்று.
கிருமி உண்டு என்று தாள் சொன்னது ஜூன் ஐந்து.
அந்தத் தாள் கழிமுகத்தைத் தாண்டி
மான்குர்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது
ஜூலை ஒன்று.
ரயிலில் ஒன்பது நிமிஷம்.

பெயர் சுடலைமணி. வயது முப்பத்து நாலு.
மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை இறக்குகிறார்.
கோலி எண் இல்லை,
"தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்" என்று இருக்கிறது.
எங்கள் பகுதியில் தொட்டிகள் ஏழு.
போன் எண்ணில் யாரோ ஒரு குஜராத்திப் பெண்.
மூன்றாம் முறை நான் அழைத்தபோது
கோபப்படாமல் கேட்டாள்:
கிடைத்தாரா?

மருந்து தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் உண்டு.
மாதக் கடைசிவரை காலியாக இருந்தால்
சிவப்புப் பேனாவால் 'தகவல் இல்லை' என்று எழுதிப்
பக்கத்தைத் திருப்பலாம்.
திருப்பியிருக்கிறேன். போன வருஷம் பதினொரு பேர்.

அன்று நான் தேடிப் போனதும் அவரை அல்ல.
ஒரு பிள்ளைக்கு எடை பார்க்கப் போன வழியில்
மழை பிடித்துக்கொண்டது.
"நனையாதீங்க, உள்ள வாங்க" என்றாள் ஒருத்தி,
திருநெல்வேலித் தமிழில்.

உள்ளே தரையில் வரிவரியாய் வெளிச்சம்.
அண்ணாந்து பார்த்தேன்.
தகரம் பிய்ந்த இடத்தை அடைத்து ஒரு எக்ஸ்ரே.
விலா எலும்புகளின் வழியே பகல் இறங்கிக்கொண்டிருந்தது.
மேலே ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் அதிகம்.
அங்கேதான் நோய்.
மூலையில் தலைகீழாக
என் பதிவேட்டில் இருந்த பெயர்.

"மொத நாள் போனாங்க, சீட்டு எழுதுறவர் சாப்பிடப் போயிட்டார்.
மறுநாள், நீங்க மும்பை, இது நவி மும்பை, அங்க போங்கன்னுட்டாங்க.
இங்க வந்தா, ரிப்போர்ட்டு வரலைங்கறாங்க.
நாலாம் நாளும் லீவு போட்டா
முகாதம் வேற ஆள வச்சிருவான்.
அப்புறம் இருமல் டானிக்குல நல்லாயிட்டுது,
அதான்..."
பேச்சித்தாய் நிறுத்திக்கொண்டாள்.
திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த
நல்லாகிவிட்ட ஆள் இருமினார்.
திரை அசைந்தது.

டாக்டர் பழைய படத்தைக் கேட்பார் என்றேன்.
எடுத்தா ஒழுகுமே என்றாள்.
பதிவேட்டின் நீலப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் கொடுத்தேன்.
பையன் டிரம் மேல் ஏறிப்
படத்தை உருவி உறையைச் செருகுவதற்குள்
எல்லோரும் நனைந்தோம்.
"எலும்பு போயிருச்சு" என்றான் தரையைப் பார்த்து.

எழுப்பட்டுமா என்று கேட்டாள்.
விடிய விடிய மூட்டை தூக்கிய மனுஷன்,
தூங்கட்டும் என்றேன்.
நாளைக் காலை வேலை முடிந்து ரயிலில் இறங்கும்போதே
கையோடு கூட்டிப்போகிறேன் என்றேன்.
இருபத்தெட்டு நாளோடு
அந்த ஒரு நாளைச் சேர்த்தது நான்தான்.

இப்போது மான்குர்த் பிளாட்பாரம், ஐந்தே முக்கால்.
பையில் எக்ஸ்ரே, குடை, நனைந்து உப்பிய பதிவேடு.
முதல் வண்டி வந்து போய்விட்டது.
அவர் முகத்தை நான் பார்த்ததில்லை,
நெஞ்சை மட்டும் தெரியும்.
இருமலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்
என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது வண்டி நிற்கிறது.
எல்லாப் பெட்டியிலும் இருமுகிறார்கள்.