சுழலாத நாற்காலி

கிரியான் ஆற்றில் சிங்கம் இல்லை.
இது எங்கள் ஏழு பேருக்கும் தெரியும்.
படகோட்டி பாக் ரம்லிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.
ஆனாலும் மூன்று ஞாயிறாக
எட்டு மணிக்கெல்லாம்
நிபோங் திபால் படகுத்துறையில் நிற்கிறோம்.

ஆகஸ்டில் சோபே ஆறு.
ஆப்பிரிக்காவில், யானைகள் நீந்திக் கடக்கிற இடம்.
அங்கே படகில் ஆளுக்கொரு சுழல் நாற்காலி இருக்குமாம்,
எந்தப் பக்கம் கத்தினாலும் அந்தப் பக்கம் திரும்ப.
பழகிக்கொள்ள வேண்டும் என்றார் கனகரத்தினம்,
சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர்.
மூடிப்போன டியூஷன் சென்டரின் நாற்காலிகளை
மீன்பிடிப் படகின் பலகையில்
அவரே போல்ட்டு போட்டு முறுக்கினார்.
ஆறு நன்றாகச் சுழல்கின்றன.
ஏழாவது எனக்கு,
கடைசியாக வருகிறவளுக்கு.

நான் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
பன்னிரண்டு மணி நேரம் நுண்ணோக்கிக்குள்
அரிசியிலும் சிறிய சில்லுகளைப் பார்த்துவிட்டு
இரண்டாம் பாலத்தில்
கடல்காற்று ஜாக்கெட்டைப் பிடித்திழுக்க
மோட்டாரில் வருகிறேன்.
பல் டாக்டர் ஓங் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டுவார்:
"பசியாறு. சிங்கம் அப்புறம்."

"இடது பக்கம், யானை!"
நாற்காலிகள் கிறீச்சிட்டுத் திரும்பும்.
அங்கே நீப்பா மட்டைகள்.
தகரக் கூரையில் மழை தொடங்குவது போல
ஷட்டர்கள்.
"வலது பக்கம், நீர்யானை!"
ஒரு தேங்காய் மட்டை
அவசரமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
ரெபேக்கா அதற்கு ஃபோகஸ் வைக்கிறாள்.
தவமணி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.
நூர் அஸ்மாவுக்கும் அவள் கணவனுக்கும்
யார் எடுத்தது பெரிய யானை என்று தகராறு.
பாக் ரம்லி சிரிப்பதில்லை.
நெத்திலி ஏற்றினாலும் எங்களை ஏற்றினாலும்
அவருக்கு ஒரே முகம்.
மணிக்கு எண்பது வெள்ளி.

யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.
இரண்டாம் தவணை, வெள்ளிக்கிழமைக்குள்:
ஆறாயிரத்து நானூறு.
கையில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவு,
கடனில் வாங்கிய ஒரு லென்ஸ் வேறு.

"வலது! சிங்கம்! தண்ணீர் குடிக்கிறது!"
எல்லோரும் வலது.
என் நாற்காலி வரவில்லை.
போல்ட்டைத் துரு கடித்துக்கொண்டது.
முழங்காலால் உந்தினேன்.
பிடிவாதமாக இடது கரையையே பார்த்தது.

அப்போது அங்கே ஒரு தலை.
நனைந்த, தட்டையான, மீசை வைத்த தலை.
பிறகு மூன்று.
பிறகு எண்ண விடவில்லை.
நீர்நாய்கள்.
ஒன்று சேற்றில் ஏறி உட்கார்ந்து
மீனை இரண்டு கையாலும் பிடித்து
தலையிலிருந்து தின்றது,
பஸ் வருவதற்குள் சோற்றை முடிக்கிற
எங்கள் லைன் பெண்களைப் போல,
அக்கம்பக்கம் பார்க்காமல்.
முள் நொறுங்குவது எனக்குக் கேட்டது.
குட்டி ஒன்று என்னைப் பார்த்துக் கீச்சென்றது.

விரல் பொத்தானில்தான் இருந்தது.
அழுத்தினால் சத்தம் வரும்.
கூப்பிட்டால் ஆறு நாற்காலியும் கிறீச்சிடும்.
இரண்டையும் செய்யவில்லை.
ஏன் என்று தூங்கி எழுந்துதான் யோசிக்க வேண்டும்.

பாக் ரம்லி மட்டும் பார்த்துவிட்டார்.
இஞ்சினை அணைத்துவிட்டு
மேகத்தில் ஏதோ இருப்பது போல
அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

சேற்றில் காலடிகள் மட்டும் மிஞ்சியதும்
இடுப்பை முறுக்கித் திரும்பி
ஒரே ஒரு படம் எடுத்தேன்.
ஆறு பிடரிகள்,
ஒன்றில் சரியாகத் தேய்க்காத வெயில் கிரீம்,
ஆறு லென்ஸும் காலிக் கரையை நோக்கி,
அத்தனை நம்பிக்கையோடு.

"சிங்கம் கிடைச்சதா யோகேஸ்?"
"கிடைச்சது."
"எங்க, காட்டு."
கேமராவை நீட்டினேன்.
கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நெடுநேரம் பார்த்தார்.
"பின்னால எனக்கு இவ்வளவு வழுக்கையா?" என்றார்.

பாக் ரம்லி இஞ்சின் கயிற்றை இழுத்தார்.
அவர் சிரித்ததை
அந்தச் சத்தம் மூடிவிட்டது.