மெக்னீசியம்

பதினோரு வருடம் தேடினேன் ஒரு மூடியை.
மூடி என்றால் யாருக்கும் புரிவதில்லை, அதனால்
சூப்பர்சார்ஜரின் உறை என்பேன்.
அதுவும் புரிவதில்லை.
இரண்டு கையையும் குவித்துக் காட்டுவேன்,
அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியை ஏந்துகிற அளவு.
எடை நாலு கிலோ. நிறம், மழைக்குச் சற்று முந்தைய வானம்.

ஹால்வர்டன் கம்பெனி ஆறே ஆறு என்ஜின் செய்தது,
திவாலானது.
ஒன்று ஏரிக்குள். ஒன்று குண்டுவீச்சில்.
இரண்டு கண்ணாடிக்குப் பின்னால், மூச்சுப் பட்டாலே முறைக்கிறார்கள்.
ஒன்று டனீடினில் என் கொட்டகையில்,
நெஞ்சு தைக்க மறந்த நோயாளியைப் போல.
மிச்சம் நான்காம் எண்.

எழுதாத ஊரில்லை.
கோவன்ட்ரியில் ஒரு விதவை
கணவரின் பிஸ்கட் டப்பாவிலிருந்து திருகாணிகள் அனுப்பினார்,
எதிலும் பொருந்தாதவை. வைத்திருக்கிறேன்.
ஜெனீவாவில் ஒரு பல் டாக்டர்
முன்பணம் கேட்டு போட்டோ அனுப்பினார்:
நான் அவருக்கு அனுப்பிய விலைப்பட்டியலின்
ஒன்பதாம் பக்கம், என் காபிக் கறையோடு.

பிறகு ஒரு ஏல நோட்டின் ஓரத்தில், பென்சிலில்:
"நா. 4. மானியொட்டோட்டோ. மெக்காஸ்கில் பண்ணை."
கடற்கரைப் பந்தயத்தில் காரை நொறுக்கிவிட்டு
என்ஜினை மட்டும் கழற்றி வந்து
ரோமம் கத்தரிக்கும் ஷெட்டில் பூட்டியிருக்கிறார்கள்.
இருநூறு குதிரையைக் கட்டி
ஆட்டுக்கு மொட்டை.

ஜூலை. சாலையெல்லாம் உறைபனி.
ஹெஸ்தர் மெக்காஸ்கில் கதவைத் திறந்தார்,
காலில் கணவருடையதோ யாருடையதோ பெரிய பூட்ஸ்.
நான் கையைக் குவித்துக் காட்டுவதற்குள்
"ஓ, அதுவா" என்று சிரித்துவிட்டார்.

"எழுபத்தொன்று, நவம்பர் ஐந்து. கய் ஃபாக்ஸ் இரவு.
என்ஜின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயாச்சு,
அந்தப் பெட்டி மட்டும் கிடந்தது.
ஃபெர்கஸ் குப்பையோடு குப்பையாகத் தூக்கி நெருப்பில் போட்டான்.
முதலில் ஒன்றுமில்லை. புகை.
பிறகு வெள்ளை.
நீங்கள் நினைக்கிற வெள்ளை இல்லை.
இருட்டுக்குள் இருந்த மலை எழுந்து நின்றது.
வேலிக்கம்பியின் முள்ளை முள் முள்ளாக எண்ணலாம்.
ஆட்டின் காதில் குத்திய நம்பரை அம்மா
நின்ற இடத்திலிருந்தே படித்தாள், கண்ணாடி போடாமல்.
பக்கத்துப் பண்ணைக்காரன் தண்ணீர் ஊற்றினான், மடையன்,
இன்னும் உயரமாக எழுந்தது.
தங்கை அழுதாள். நான் அழவில்லை.
எனக்கு ஒன்பது வயது.
அதற்கப்புறம் எந்த வாணவேடிக்கையும்
எனக்குப் பத்தவில்லை."

கோபம் வரவேண்டிய இடம் அது என்று தெரிந்தது.
காத்திருந்தேன்.
தேநீர் ஆறியது.
"எத்தனை நிமிஷம் எரிந்தது?" என்றேன்.
"நாலு. அஞ்சுகூட இருக்கலாம்."

வெளியே வந்து கேட்டைத் தள்ளினேன்.
எனக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.
பார்த்தால் ஒரு சங்கிலி, சங்கிலியின் நுனியில் ஒரு பாரம்.
குனிந்து பனியைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
இடுப்பு சிறுத்த எட்டுப் போல் உருக்கு,
துருவுக்கடியில் வெட்டிய எழுத்து:
4.

ரோட்டர். எரியாத பாகம்.
எனக்குத் தேவையே இல்லாத பாகமும்கூட;
என்னிடம் இரண்டு இருக்கின்றன, எண்ணெய்த்துணி சுற்றி,
வீடில்லாமல்.

இருந்தும் வாய் கேட்டது: "இதற்கு என்ன விலை?"
வாசலில் நின்றபடியே சொன்னார்:
"அதை எடுத்துவிட்டால் கேட்டை நீங்கள் வந்து சாத்துவீர்களா?
ஐம்பது வருஷமாக ஒரு குட்டி தாண்டினதில்லை."

காரின் கதவு வரை போனேன்.
திரும்பி வந்து
கேட்டை இன்னொரு முறை அகலத் திறந்து, விட்டேன்.
சங்கிலி ஏறியது. பாரம் யோசித்தது. இறங்கியது.
அவசரமில்லை, தாமதமுமில்லை.
இடைவெளி விடாமல்
மூடிக்கொண்டது.