பாலம் திறந்திருந்த நேரம்

பன்னிரண்டு மணிக்கு மதகடியிலிருந்து தொலைபேசி.
"ஒன்று வருகிறது ட்ரிக்கெட். பெரியது. பின்லாந்துப் பலகை."
அன்றைக்கென்று பார்த்து.

இரண்டு மணிக்கு சைலஸ் பெக்லரின் அடக்கம்.
பண்ணை மேற்குக் கரை, தேவாலயம் கிழக்குக் கரை,
நடுவில் நானும் என் இரும்புச் சுழல்பாலமும்.

இந்தப் பங்கில் எல்லாரும் வழிவிடப் பழகியவர்கள்.
கால்வாய்க்குக் காலில்லை, வாயில்லை,
ஆனாலும் அது முன்னே போகும், நாங்கள் பின்னே.
ஓடம் வண்டியேறும் நாள் இங்கே வந்ததேயில்லை.
ஞாயிறு ஆராதனை நடுவில்
வண்ணம் தீட்டாத அந்த ஒரே சன்னலில்
பேரிக்காய் மரங்களுக்கு மேலே ஒரு கொடிமரம் நகரும்;
பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தமாட்டார்,
எல்லார் தலையும் இடமிருந்து வலமாக
ஒரே சீராகத் திரும்பும்.
வயலைவிட உயரத்தில் ஓடுகிறது தண்ணீர்.
மாடுகள் அண்ணாந்து பார்க்கும் கப்பல்கள் எங்களுடையவை.

பெக்லர் மட்டும் பழகவில்லை.
முப்பத்தொரு வருடம் அந்த வெள்ளைக் கதவடியில் நின்று
என்னைத் திட்டினார்,
பின்னால் பால்கேன்கள் வெயிலில் புளிக்க.
தன் கல்யாணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதம்:
கோதுமை ஏற்றிய இரண்டு தோணிகள், ஒன்றன்பின் ஒன்று.
கம்பெனிக்குப் பதினான்கு கடிதம் எழுதினார்.
பதில் வந்தது ஒன்றுக்குத்தான்: நீர்வழிக்கே முன்னுரிமை.
அதைச் சட்டம் போட்டுத் தொழுவத்தில் மாட்டினார்,
மாடுகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

கல்லறைத் தோட்டத்து வடக்குச் சுவரோரம்
பெயரில்லாத மாலுமிகள் மூவர்.
பங்கேட்டில் 'கால்வாயில் கிடைத்தவர்' என்று மட்டும்.
பெக்லருக்குத் தோண்டிய குழி அவர்களுக்குப் பக்கத்தில்.
யார் முடிவு செய்தது என்று நான் கேட்கவில்லை.

எழுநூறு டன் நிற்காது. சவவண்டி நிற்கும்.
கணக்கு அவ்வளவுதான்.
ஆனாலும் கைப்பிடியைச் சுழற்றும்போது
ஊரே என் முதுகில் கண்வைத்திருந்தது.
கறுப்பு வண்டி கதவருகில் வந்து நின்றது.
எஞ்சினை அணைத்தார்கள். பிப்ரவரிக் குளிர்.
அக்கரையில் மணி ஒன்று,
நீண்ட இடைவெளி,
மணி ஒன்று.

லெட்டிஸ் பெக்லர் இறங்கி வந்தாள்.
கதவின் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்,
அவர் பிடித்துப் பிடித்து
பெயின்ட் போன அதே இடத்தில்.
வளைவில் கப்பலின் மூக்கு தெரிந்தது.
"கொதித்துப்போயிருப்பார்" என்றாள்.
பிறகு தோள் குலுங்கியது.
அழுகிறாள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
பெட்டி தூக்க வந்த நால்வரும்
தத்தம் பூட்ஸைப் பார்த்தார்கள்,
ஒருவருக்கு மீசைக்குள் வெடித்தது.

ஈரப் பைன்மர வாசனை முதலில் வந்தது, இரும்பு பிறகு.
தளத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பையன்
வண்டியைப் பார்த்தான்,
கத்தியும் கிழங்குமாய் எழுந்து நின்றான்;
கழற்றத் தொப்பியில்லை,
ஈரக்கையால் தலைமயிரைப் படியவாரிக்கொண்டான்.
மேலே யாரோ கொடியைப் பாதிக்கு இறக்கினார்கள்.
நாணல்கள் குனிந்து நிமிர்ந்தன;
அது அலையின் வேலை, வேறொன்றுமில்லை.

போய்விட்டது. கைப்பிடியைத் தொட்டேன்.
"இன்னும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்,
மிஸ்டர் ட்ரிக்கெட்.
அந்தப் பக்கம் போனால் முடிந்துவிடும்."

ஏட்டில் எழுதினேன்: திறந்தது 1.52. மூடியது 1.58.
என் கையெழுத்தில் அதுதான் முதல் பொய்.
கப்பலின் பெயருக்குப் பத்தி உண்டு அதில், எடைக்கு உண்டு,
காற்றுக்குக்கூட உண்டு;
காத்திருப்பவர்களுக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை.
மணல் படகு ஒன்று, அசைவேனா என்று வந்தது.
மேற்குக் கரையில் ஹாரன்,
நீளமாக, மறுபடியும் நீளமாக.
பால்வண்டிச் சன்னலில் தலைநீட்டி
பெக்லரின் மகள் ரோவீனா
அப்பனின் வசவுகளை
ஒன்று விடாமல், வரிசை மாறாமல்.

தொப்பியைத் தூக்கிக் காட்டினேன்.
இன்னும் பலமாய் அடித்தாள்.