வரிசை: நூறு

தங்கம் விலை ஏறிய மறுநாள்
காலை பத்தேகாலுக்கு எல்லாம் நின்றது.
காரைக்குடியில் எங்கள் நகைக்கடன் சர்வர்
செத்துவிடவில்லை;
சிபியு ஆறு சதவீதம்,
சாப்பிட்டுப் படுத்த பூனை மாதிரி.

தேவகோட்டைக் கிளையிலிருந்து அழகம்மை:
"சுத்திக்கிட்டே இருக்கு சார்."
புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர்,
எல்லாத் திரையிலும் அதே வட்டம்.

முந்தின இரவு
த்ரெட் எண்ணிக்கையை இருநூறிலிருந்து
அறுநூறாக்கியவன் நான்தான்.
ஆக்கிய குஷியில் கல்லுக்கட்டிப் பக்கம் போய்
ஆறு வெள்ளைப் பணியாரம் தின்றேன்.

டம்ப் எடுத்தேன்.
காத்திருக்கிறது
காத்திருக்கிறது
காத்திருக்கிறது
ஐநூற்று அறுபது தடவை ஒரே வரி.
டேட்டாபேஸுக்குள் போக இணைப்பு நாற்பதுதான்.
ஆளைக் கூட்டியவன்
சாவியை எண்ணவில்லை.

"கூட்டம் அள்ளுது, நீங்க குறைக்கிறீங்களே?"
சொக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
த்ரெட்: ஐம்பது.
வரிசை: நூறு.
அதற்கு மேல் வருகிறவரிடம்
'பிறகு முயலவும்' என்று உடனே சொல்லிவிடு.
சேமித்தேன். ரீஸ்டார்ட்.

பத்து ஐம்பதுக்குப் புதுவயலில்
முதல் ரசீது அச்சாயிற்று.
சொக்கு எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.

சாயங்காலம் அழகம்மை மறுபடியும்.
"ஒருத்தருக்கு மட்டும் மூணு தடவை
பிறகு முயலவும்னு வந்துச்சு சார்.
மக காசுமாலை. நாளைக்குக் கல்யாணமாம்.
பணத்தை எண்ணிப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார்."

லாகில் தேடினேன்.
10:52:07
10:52:31
10:53:04
மூன்றும் சரியான நிராகரிப்பு.

சொக்கு போய்விட்டான்.
வரிசை நூறு என்கிற இடத்தில்
கர்சர் சிமிட்டுகிறது,
கடைசிச் சுழியத்துக்குப் பக்கத்தில்.