ஒரு விரற்கடை

கொட்டாஞ்சேனையில், கோயில் மண்டபத்தில்,
செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு வகுப்பு.
நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:
குத்து, தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கவேணும்.
எதிரில் நிற்பவனுக்குக் காற்று மட்டும் படவேணும்.
பத்தொன்பது வருடம்.
ஒருவருக்கும் பல்லுப் போகவில்லை,
மில்ரோயைத் தவிர. அது அவன் வழுக்கினது.

வான் வந்து வாசலில் நின்றபோது
றெஜினா விளக்கை அணைத்துவிட்டாள்.
வெள்ளை வான்.
அந்த வருடம் அந்த நிறத்துக்கு
நாங்கள் அப்படித்தான் பழகியிருந்தோம்.
இறங்கினது சினிமாக்காரர்.
ஒருவர் கையில் கேக் பெட்டி.

வில்லனின் நாலாவது ஆள்.
வசனம் மூன்று வரி, ஒரு சாவு.
நாளுக்கு நாலாயிரம், சோறு தனி.

கிராண்ட்பாஸில் பழைய எண்ணெய் ஆலை.
கதாநாயகன் குத்தினான்.
என் இடது கை என்னைக் கேளாமலே எழும்பித் தடுத்தது.
அவ்வளவுதான். அவனுடைய மணிக்கட்டு வீங்கி
இரண்டு நாள் வேலை நின்றது.
டைரக்டர் தனியே கூப்பிட்டார்:
"மாஸ்டர், உங்களுக்கு எல்லாம் தெரியும்.
தோற்கத்தான் தெரியாது."

அதைப் படிக்க ஒன்பது நாள்.
அலுமாரிக் கண்ணாடி முன்னால், சாரத்தோடு,
முகத்தைத் திறந்து வைத்திருக்கப் பழகினேன்.
வராத அடிக்குத் தலையைத் திருப்ப,
திரும்பின தலைக்குப் பின்னால் உடம்பை அனுப்ப.
றெஜினா கோப்பையில் சோற்றைப் போட்டு மூடிவிட்டு,
"செத்து முடிஞ்சால் சாப்பிட வாங்கோ" என்பாள்.

என் மூன்று வரியையும் டப்பிங்கில்
வேறொருவர் பேசினார்.
என் சிங்களத்தில் ஜிந்துப்பிட்டி கேட்கிறதாம்.
சரி. அது நல்ல குரல்,
என்னுடையதைவிட ஆம்பிளைக் குரல்.
ஆனால் அடிக்க முன் நான் போட்ட கத்தல்,
அடிவயிற்றிலிருந்து வருமே,
அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.
அதில் ஒரு ஊரும் ஒட்டியிருக்கவில்லை.

மருதானையில் படம் ஓடியது.
வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர்,
பல்கனியில் ஒரே வரிசை.
நான் அடிவாங்கினபோது
பச்சைப் பட்டிக்காரி பிலோமி எழும்பி நின்று
"சேர், இடது கை!" என்று கத்தினாளாம்.
வியாழக்கிழமை ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.
கடைசியில் ஒரு பொடியன் கேட்டான்,
"அவனுக்கு நிற்கக்கூடத் தெரியாதே, சேர்.
குதிக்கால் தூக்கியெல்லோ இருந்தது?"
நான் என்ன சொல்ல.
தூக்கித்தான் இருந்தது.

ஆமர் வீதிச் சந்தி. இரவு பத்தே முக்கால்.
டோர்ச் வெளிச்சத்தில் அடையாள அட்டையைப் பிடித்து
என் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான் ஆமிப் பொடியன்.
சூசை எட்மண்ட் லெம்பேட்.
பிறந்த இடம் மன்னார்.
வெளிச்சம் முகத்துக்கு வந்தது.
அங்கேயே நின்றது.

பிறகு ஒரு சிரிப்பு.
"அடே, எண்ணெய்த் தொட்டிக்குள்ளே விழுந்து செத்தவன் நீதானே!"
மற்றவனைக் கூப்பிட்டான். அவனும் பார்த்திருந்தான்.
ஒரு கத்தல் போடு என்றார்கள்.
ஒரு குத்தும், இங்கே, இந்த நெஞ்சுக்கு என்று
துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நின்றான்.

நாலு மணல் மூட்டை, ஒரு நாய்,
பூட்டின ஹார்ட்வெயார் கடை.
குதிக்காலைத் தரையில் வைத்தேன்.
கத்தினேன்.
அவன் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு
ஒரு விரற்கடை முன்னால்
என் கை நின்றது.

அவன் கண்ணை மூடியிருந்தான்.
இருபது வயதுகூட இராது.
கண்ணைத் திறந்தான்.
சிரிப்பு இன்னும் திரும்பி வரவில்லை.
மற்றவனின் கை துவக்கு வாரில் இருந்தது.

நான்தான் விழுந்தேன்.
அழகாக விழுந்தேன்,
தலை முதலில் திரும்ப, உடம்பு பிறகு வர,
ஒன்பது நாள் படித்தது ஒன்றும் பிசகாமல்.
அவர்கள் கை தட்டினார்கள்.
அட்டையைத் தூசி தட்டித் தந்தார்கள்.

முழங்காலில் தார் உரசின காயம்.
டெட்டோல் பூசிக்கொண்டே றெஜினா கேட்டாள்,
"இண்டைக்கு ஷூட்டிங் இல்லையெண்டு சொன்னீங்கள்?"