இருபத்தெட்டு கிலோமீட்டர்

பதின்மூன்றரை லிட்டர் கொள்ளும் என் வண்டி.
சமவெளியில் லிட்டருக்கு முப்பத்தைந்து தரும்.
மலை ஏறினால் இருபத்தைந்து,
அதற்கும் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.
லடாக் போகிற சாலையில் ஓரிடத்தில்
முந்நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டருக்குப் பங்க் இல்லையாம்.
ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
பெருக்கினேன், கழித்தேன்.
இருபத்தெட்டு குறைந்தது.
காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய்
பாதி வழி திரும்புகிற தூரம்.
அவ்வளவுக்காகவா ஒருத்தி
பனியில் வண்டி தள்ளுவது?

பகலெல்லாம் எனக்குப் பாட்டரி வேலை.
காலணா அளவு செல் ஒன்று
எத்தனை முறை நிறைகிறது, எத்தனை முறை வடிகிறது
என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஐந்தரைக்குக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
பெட்ரோலுக்கு இடம் தேடக் கிளம்பினால்
"துரோகி" என்கிறாள் பக்கத்து மேசை சிகப்பி,
டிபன் பாக்ஸை மூடியபடி.

பழம்பொருள் கடையில்
நீல எனாமல் டப்பா ஒன்றைக் காட்டினார்கள்.
கப்பலில் வந்த சரக்கு, கைப்பிடிகூட அசல்.
விலை கேட்டுக் குறைத்து, வாங்கியே விட்டேன்.
ரஸ்தாவில் பட்டறை வைத்திருக்கும் சவரிமுத்து
அதை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார்.
உள்ளே பொருக்கு உதிர்ந்தது.
"இது கார்புரேட்டருக்குள்ள போச்சுன்னா
லடாக்கை விடுங்க, குன்றக்குடி தாண்டமாட்டீங்க.
ஊறுகாய் போட்டு வைங்க."

அப்புறம் அவரே தகடு வெட்டினார்.
ஐந்து லிட்டர்,
சீட்டுக்குப் பின்னால், கேரியரின் மேல்,
கார்புரேட்டரைவிட ஒரு சாண் உயரத்தில்.
"பம்ப் கிடையாது. தானா இறங்கணும்.
மேட்டுல இருந்தாத்தான் இறங்கும்."
தனியாக ஒரு திருகு, பித்தளையில்.
மூட்டுகளில் சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்தார்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
அவ்வளவு இறுக்கம்.
அதில்தான் வினை இருந்தது.

சோதித்துப் பார்க்காமல் மலைக்குப் போகக்கூடாதே.
பெரிய டேங்க் தீரட்டும் என்று
புதுவயல், கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர்.
பங்க் வரும்போதெல்லாம்
கை தன்னால் இண்டிகேட்டருக்குப் போனது.
கானாடுகாத்தானில், இரவு ஒன்பதே முக்கால்,
இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
பழைய திருகை மூடி, புதியதைத் திறந்து
உதைத்தேன்.
வந்தது!
இரண்டு வீடு தாண்டியது, மறுபடி நின்றது.
(இந்த ஊரில் இரண்டு வீடு என்றால்
கொஞ்ச தூரம் இல்லை.)

ஏதோ ஒரு வீட்டு வாட்ச்மேன்
டார்ச்சோடு வந்தார்.
"பெட்ரோல் தீந்துருச்சாம்மா?"
"இருக்குண்ணே. வரமாட்டேங்குது."
அவர் திரும்பி
தான் காவல் காக்கும் பூட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
"இங்க நெறைய அப்படித்தான்" என்றார்.

ஐந்து லிட்டர் தளும்புவது கைக்குத் தெரிகிறது.
குழாயில் ஒரு சொட்டு இல்லை.
வேறு எதுவும் தோன்றாமல்
மூடியைக் கால் திருகு தளர்த்தினேன்.
ஸ்ஸ்ஸ் என்று
காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டப்பா,
வெகுநேரம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்த ஆள்போல.
பிறகு களக், களக்.
வாட்ச்மேனுக்கும் கேட்டது.
டார்ச்சை அணைத்துவிட்டு
இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

மறுநாள் சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.
"காத்துக்கு வழி விடலியே!"
மூடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை,
மழை இறங்காமலிருக்க
மேலே வளைந்த குட்டிக் குழாய்.
எவ்வளவு என்று கேட்டேன்.
"வச்சதுக்கு வாங்கியாச்சு.
எடுத்ததுக்கு என்ன வாங்குறது?"

எனாமல் டப்பாவில்
சிகப்பி மாவடு போட்டிருக்கிறாள்.
விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்,
ஜூனில் இருபத்திரண்டு நாள்.
காரணம் என்ற கட்டத்தில்
முதலில் 28 கி.மீ. என்று எழுதி
அடித்துவிட்டு
சொந்த வேலை என்று போட்டேன்.
அடித்தது சரியாக மறையவில்லை.